ஃபிட்பிட் தரவு → ஏர்பைட் → போஸ்ட்கிரெஸ்: மறுநாளே 401, தேதி இல்லாத இதயத்துடிப்பு, சைபர் ஸ்டெப்ஸ்

தரவுக்குழாய் (கேள்வி)

வணக்கம் மக்களே. ஓட்டப் பயிற்சிக் குழு ஒன்றில் ஆறு பேர் கையில் ஃபிட்பிட் கடிகாரம் இருக்கிறது. நிமிடவாரி இதயத்துடிப்பு, நிமிடவாரி ஸ்டெப்ஸ், இரவுத் தூக்கம், இந்த மூன்றும் தினமும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வந்து விழ வேண்டும். சொந்த சர்வரில் ஏர்பைட் (தரவை ஓரிடத்திலிருந்து இழுத்து இன்னோரிடத்தில் போடும் மென்பொருள்) ஓடுகிறது. அதிலுள்ள கனெக்டர் பில்டரில் ஃபிட்பிட் வெப் ஏபிஐக்கு (புரோகிராம் வழியாகத் தரவு கேட்டு வாங்கும் வாசல்) ஒரு சோர்ஸ், அதாவது தரவை இழுக்கும் முனை, கட்டியிருக்கிறேன்.

முதல் சிங்க் அழகாக ஓடுகிறது. மறுநாள் காலையில் 401, டோக்கன் (அனுமதிச் சீட்டு) காலாவதி என்கிறது. புது டோக்கன் எடுத்துப் போட்டால் அன்றைக்கு ஓடுகிறது, அடுத்த நாள் 400, ரெஃப்ரெஷ் டோக்கன் செல்லாது என்கிறது. ஆறு மாதப் பழைய தரவை இழுக்கப் போனால் பாதியில் 429, ரிக்வெஸ்ட் எல்லை தாண்டியது என்கிறது. வந்த தரவிலும் வில்லங்கம்: இதயத்துடிப்பு டேபிளில் 00:00:00, 00:01:00 என்று நேரம் மட்டும் இருக்கிறது, தேதியே இல்லை. ஒரு நாள் என் பிற்பகல் முழுக்க ஸ்டெப்ஸ் 0, ஆனால் என் போனில் அதே நேரத்துக்கு 6,000 சொச்சம் காட்டுகிறது. தூக்க டேபிளில் சில நாள் 8 மணி நேரத் தூக்கம் 40 நிமிடமாகச் சுருங்கிக் கிடக்கிறது.

ஆப்பை 'பர்சனல்' வகையில் பதிவு செய்திருக்கிறேன். என் கணக்குக்கு வருவதுபோல மற்ற ஐந்து பேருக்கு வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

---

கிரான்_தம்பி

கடைசியில் கேட்டதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் முதலில் சரிசெய்ய வேண்டியது. 'பர்சனல்' வகை ஆப் பதிவு செய்தவரின் சொந்தக் கணக்குக்கானது. நிமிடவாரித் தரவு அதற்குத் தானாகவே திறந்திருக்கும், அதனால் உங்களுக்கு மட்டும் வருகிறது. மற்றவர்களுக்கு 'சர்வர்' வகையில் இன்னொரு ஆப் பதிவு செய்யுங்கள். ஆனால் சர்வர் வகைக்கு நிமிடவாரித் தரவு தனி அனுமதி. படிவம் நிரப்பி, எதற்காக வேண்டும் என்று எழுதிக் கேட்க வேண்டும். அனுமதி வரும்வரை அவர்களுக்கு நாள் மொத்தம் மட்டும் கிடைக்கும். ஆறு பேரும் ஆளுக்கொரு பர்சனல் ஆப் பதிவு செய்துகொள்வது இன்னொரு வழி. ஆறு பேர் என்பதால் அதுவே சுலபம், அறுபது பேர் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள்.

இப்போது 401. ஃபிட்பிட்டின் ஆக்சஸ் டோக்கனுக்கு ஆயுள் 8 மணி நேரம், 28800 விநாடி. அது முடிந்ததும் ரெஃப்ரெஷ் டோக்கனைக் கொடுத்துப் புதியது வாங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் இங்கே ரெஃப்ரெஷ் டோக்கன் ஒரு தடவைதான் செல்லும். அதைக் கொடுத்ததும் புது ஆக்சஸ் டோக்கனோடு புது ரெஃப்ரெஷ் டோக்கனும் வரும், பழையது அன்றோடு செத்தது. உங்கள் சோர்ஸ் புது ஆக்சஸ் டோக்கனை எடுத்துக்கொண்டு புது ரெஃப்ரெஷ் டோக்கனைக் கீழே போட்டுவிடுகிறது. அடுத்த முறை பழையதையே நீட்டுகிறது, 400 வாங்குகிறது.

பில்டரில் ஓஆத் (டோக்கன் வழியாக அனுமதி வாங்கும் முறை) பகுதியிலேயே, ரெஃப்ரெஷ் பதிலில் வரும் டோக்கனைக் கான்ஃபிக்கில் (சோர்ஸின் அமைப்பு விவரங்களில்) மேலெழுதும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதைப் போடுங்கள். யாம்ல் (அமைப்பை எழுத்தில் காட்டும் கோப்பு) பக்கம் போனால் 'ரெஃப்ரெஷ்_டோக்கன்_அப்டேட்டர்' என்ற பிளாக்காகத் தெரியும். அதற்குள் ஆக்சஸ் டோக்கன், ரெஃப்ரெஷ் டோக்கன், காலாவதி நேரம் மூன்றும் கான்ஃபிக்கில் எங்கே எழுதப்பட வேண்டும் என்ற பாதை சரியா என்று ஒரு தடவை கண்ணால் பாருங்கள். பாதைப் பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் சிங்க் பச்சையாக முடியும், டோக்கன் வேறெங்கோ போய் உட்காரும்.

கூடவே இன்னொன்று. சர்வர் வகை ஆப்புக்கு டோக்கன் எண்ட்பாயின்ட் 'பேசிக்' ஹெடர் கேட்கும்: கிளையன்ட் ஐடி, முக்காற்புள்ளி, சீக்ரெட் மூன்றையும் ஒட்டி பேஸ்64 ஆக்கியது. ஏர்பைட் வழக்கமாக ஐடியையும் சீக்ரெட்டையும் பாடியில்தான் அனுப்பும். ஆகவே ரெஃப்ரெஷ் ரிக்வெஸ்டுக்கான ஹெடரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். இது இல்லாவிட்டால் வரும் பிழை 'கிளையன்ட் செல்லாது'. உங்களுக்கு வருவது 'டோக்கன் செல்லாது'. இரண்டும் வேறு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பில்டரில் 'டெஸ்ட்' பொத்தானை அமுக்கும்போதும் ரெஃப்ரெஷ் நடக்கலாம். காலையில் பில்டரில் டெஸ்ட் பார்த்துவிட்டு, அதே டோக்கனைப் பப்ளிஷ் செய்த சோர்ஸிலும் ஒட்டியிருந்தால், யார் முந்துகிறார்களோ அவர்களுக்குச் சோறு, மற்றவருக்குப் பட்டினி. டெஸ்டுக்கு ஒரு ஆப், நிஜ ஓட்டத்துக்கு ஒரு ஆப் என்று இரண்டு பதிவு வைத்துக்கொள்ளுங்கள்.

---

தரவுக்குழாய்

அந்த சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. போட்டுவிட்டேன். முதல் டோக்கனைக் கையால் வாங்கும்போதே சில தடவை அனுமதிக் கோடு (code) செல்லாது என்று வந்தது, அது ஏன்?

---

கிரான்_தம்பி

இரண்டு காரணம் இருக்கலாம். அனுமதி கொடுத்ததும் பிரவுசர் முகவரியில் வரும் கோடுக்கு ஆயுள் 10 நிமிடம். அந்தக் கோடின் வாலில் #_=_ என்று நான்கு எழுத்துக் குப்பை ஒட்டிக்கொண்டு வரும், அது கோடின் பகுதி இல்லை. அதோடு சேர்த்துக் காப்பி அடித்தால் செல்லாது. மற்றபடி ரீடைரக்ட் முகவரி ஆப் பதிவில் கொடுத்தது எதுவோ அதுவேதான், கடைசிச் சாய்கோடு உட்பட.

ஸ்கோப் (எந்தெந்தத் தரவுக்கு அனுமதி என்பது) கேட்கும்போதே ஆக்டிவிட்டி, ஹார்ட்ரேட், ஸ்லீப் மூன்றோடு 'புரொஃபைல்', 'செட்டிங்ஸ்' இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். நேர மண்டலம் புரொஃபைலில் இருக்கிறது, கைக்கடிகாரம் கடைசியாக எப்போது சிங்க் ஆனது என்பது செட்டிங்ஸ் ஸ்கோப்பில் வரும் டிவைஸ் பட்டியலில் இருக்கிறது. பிறகு சேர்க்க நினைத்தால் ஆறு பேரையும் திரும்ப உட்காரவைத்து அனுமதி வாங்க வேண்டும்.

---

நாலாம்_மாடி

429க்கும் தேதிக்கும் நான் சொல்கிறேன்.

கணக்கு ஒரு பயனருக்கு மணிக்கு 150 ரிக்வெஸ்ட். நிமிடவாரித் தரவில் ஒரு ரிக்வெஸ்டுக்கு அதிகபட்சம் 24 மணி நேரம்தான் கிடைக்கும். 180 நாள் என்றால் இதயத்துடிப்புக்கு 180, ஸ்டெப்ஸுக்கு 180. தூக்கத்துக்கு ஒரே ரிக்வெஸ்டில் 100 நாள் வரை கேட்கலாம், எனவே 2. மொத்தம் 362. ஒரு மணி நேரத்தில் முடியவே முடியாது, மூன்று மணி நேர வேலை. எல்லை ஆளுக்கு ஆள் தனி என்பதால் ஆறு பேருக்கும் சேர்த்தும் அதே மூன்று மணி நேரம்தான்.

எல்லை சரியாக மணி அடிக்கும்போது புதுப்பிக்கப்படும், நீங்கள் ஆரம்பித்த நேரத்திலிருந்து இல்லை. 9:50க்கு ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் மறுபடி 150 கிடைக்கும். இன்னும் எத்தனை விநாடி என்பது பதிலில் 'ரேட் லிமிட் ரீசெட்' ஹெடரில் இருக்கிறது. பில்டரில் எர்ரர் ஹேண்ட்லரில் 429க்கு, ஹெடரில் சொன்ன நேரம் காத்திருக்கும் வகையைத் தேர்ந்தெடுத்து அந்த ஹெடர் பெயரைக் கொடுங்கள். ஆனால் முழுக்க அதையே நம்பி இருக்க வேண்டாம். முக்கால் மணி நேரம் தூங்கும் ஜாப் ஏதோ ஒரு காரணத்தால் செத்துத்தான் போகும். அதைவிட இன்கிரிமென்டல் (புதிதாக வந்ததை மட்டும் இழுக்கும்) சிங்க்கில் ஸ்டெப் அளவு 'பி1டி', அதாவது ஒரு ஸ்லைஸ் ஒரு நாள், என்று வைத்தால் ஒவ்வொரு நாள் முடியும்போதும் எங்கே நின்றோம் என்பது சேமிக்கப்படும். ஜாப் விழுந்தாலும் அடுத்த ஓட்டம் அங்கிருந்தே பிடிக்கும். ஷெட்யூலை மணி அடித்து 5 நிமிடத்துக்கு வையுங்கள். ஏர்பைட்டின் கிரான் (ஷெட்யூல் எழுதும் முறை) லினக்ஸ் கிரான் இல்லை, குவார்ட்ஸ். முதல் இடம் விநாடி: 0 5 * * * ? என்று ஆறு இடம் எழுத வேண்டும்.

தேதி காணாமல் போனது நீங்கள் எடுத்த இடத்தால். பதிலின் உள்ளே இரண்டு கிளை இருக்கிறது. 'ஆக்டிவிட்டீஸ்-ஹார்ட்' என்பதற்குள் தேதியும் நாள் சுருக்கமும், 'ஆக்டிவிட்டீஸ்-ஹார்ட்-இன்ட்ராடே' என்பதற்குள் 'டேட்டாசெட்' என்ற பட்டியல். அந்தப் பட்டியலில் ஒரு வரி இவ்வளவுதான்: நேரம் 06:12:00, மதிப்பு 118. தேதி மேல்கிளையில் தங்கிவிட்டது. எனவே டிரான்ஸ்ஃபர்மேஷனில் ஒரு புது ஃபீல்டு சேர்த்து, அந்த ஸ்லைஸின் தொடக்க நேரத்தை அதில் போடுங்கள். ஒரு ஸ்லைஸ் ஒரு நாள் என்று வைத்தால்தான் இது சரிவரும். ஒரு வாரத்தை ஒரு ஸ்லைஸாக வைத்தால் ஏழு நாளுக்கும் ஒரே தேதி விழும், தரவு பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும், கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும்.

பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டுவது) பயனர், தேதி, நேரம் மூன்றும் சேர்ந்தது. பயனர் ஐடியும் டேட்டாசெட்டில் இல்லை, அதையும் கான்ஃபிக்கிலிருந்து இப்படியே சேர்க்க வேண்டும்.

நாள் மொத்த ஸ்டெப்ஸை எடுக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: அங்கே மதிப்பு "8123" என்று மேற்கோளுக்குள் சரமாக வரும், நிமிடவாரியில் எண்ணாக வரும். ஸ்கீமாவைத் தானாகக் கண்டுபிடிக்க விட்டால் ஒரு டேபிள் டெக்ஸ்ட், ஒரு டேபிள் எண்.

---

பட்டை_கட்டி

சைபர் ஸ்டெப்ஸ் விஷயம், இதுதான் எல்லாரும் சறுக்குற இடம். ஏபிஐ கைக்கடிகாரத்துக்கிட்ட பேசுறதே இல்லைங்க. கடிகாரம் ப்ளூடூத்ல போனுக்குத் தள்ளணும், போன் கிளவுடுக்குத் தள்ளணும், அதுக்கப்புறம்தான் நமக்கு. நீங்க மத்தியானம் போனை வீட்ல வெச்சிட்டுப் போயிட்டு ராத்திரி வந்து சிங்க் பண்ணியிருப்பீங்க. உங்க ஜாப் சாயங்காலம் 4:05க்கு ஓடியிருக்கும். அப்ப கிளவுடுல ஒண்ணும் இல்ல, அதனால 0. ராத்திரி நிஜ எண் வந்தப்போ உங்க கர்சர் (எதுவரைக்கும் இழுத்தோம்ங்கிற குறி) அந்த இடத்தைத் தாண்டிப் போயிடுச்சு, திரும்பிப் பார்க்கவே இல்ல.

கடிகாரம் நிமிடவாரி விவரத்தை 7 நாள் வரைக்கும் உள்ளேயே வெச்சிருக்கும், நாள் மொத்தத்தை 30 நாள். அதனால லுக்பேக் விண்டோ 'பி7டி'. ஒவ்வொரு ஓட்டத்துலயும் கடந்த 7 நாளைத் திரும்ப இழுத்துடுங்க. ஒரு ஆளுக்கு 8 நாள், ரெண்டு ஸ்ட்ரீம், 16 ரிக்வெஸ்ட், தூக்கத்துக்கு ஒண்ணு. 150க்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்ல. சிங்க் மோடு 'இன்கிரிமென்டல், அப்பெண்ட் + டீடூப்', அதாவது ஒரே கீ திரும்ப வந்தா புதுசை மட்டும் வெச்சிக்கிறது. வெறும் அப்பெண்ட் போட்டா ஒரே நிமிஷம் திரும்பத் திரும்ப உக்காந்திருக்கும். பழைய தரவை இழுக்குற முதல் நாள் மட்டும் லுக்பேக் 0 வெச்சிக்கோங்க, இல்லேன்னா ஜாப் விழுந்து எழுந்திருக்கிற ஒவ்வொரு தடவையும் ஏழு நாள் வீண்.

அப்புறம் 0க்கு மூணு அர்த்தம் இருக்கு. இதயத்துடிப்பு டேபிளோட சேர்த்துப் பாத்தாதான் பிரிக்க முடியும். ஸ்டெப்ஸ்ல எல்லா நிமிஷத்துக்கும் ஒரு வரி வரும், நடக்கலேன்னாலும் 0ன்னு. இதயத்துடிப்புல அப்படியில்ல, அளக்காத நிமிஷத்துக்கு வரியே வராது. 14:03க்கு ஸ்டெப்ஸ் 0, துடிப்பு 71: உக்காந்திருக்கார். 14:03க்கு ஸ்டெப்ஸ் 0, துடிப்பு வரியே இல்ல: கையில கட்டல, சார்ஜ்ல இருக்கு. டிவைஸ் பட்டியல்ல இருக்கிற 'கடைசி சிங்க் நேரம்' 13:40ன்னா, 13:40க்கு அப்புறம் வர்ற எந்த 0வும் 0 இல்ல, தெரியாது. அதை நல்-ஆ (மதிப்பு தெரியாதுன்னு) மாத்துற ஒரு வியூ (டேபிள் மாதிரி தெரியுற, சேமிச்சு வெச்ச குவெரி) எழுதி, டேஷ்போர்டை அந்த வியூமேல மட்டும் வைங்க. மூல டேபிளைத் தொடாதீங்க.

---

தரவுக்குழாய்

லுக்பேக் 7 நாள் வைத்து மறுபடி ஓட்டினேன், அந்த 6,000 வந்துவிட்டது. தூக்கம் மட்டும் இன்னும் சுருங்குகிறது.

---

நாலாம்_மாடி

பிரைமரி கீ தேதி என்று வைத்திருக்கிறீர்கள், சரிதானே? மதியம் சாப்பிட்டுவிட்டு 40 நிமிடம் கண்ணயர்ந்தால் ஃபிட்பிட் அதையும் ஒரு தூக்கப் பதிவாகவே எழுதும், அதே தேதியில். டீடூப் செய்யும்போது பிந்தியது முந்தியதை விழுங்கிவிட்டது. கீயாக 'லாக் ஐடி'யை (log id, பதிவு எண்) வையுங்கள். அது 11 இலக்க எண், சாதா இன்டிஜரில் அடங்காது, பிக்இன்ட் வேண்டும். இரவுத் தூக்கம் மட்டும் வேண்டுமென்றால் 'முக்கியத் தூக்கமா' என்று சொல்லும் ஃபீல்டு ஒவ்வொரு பதிவிலும் உண்டு, வியூவில் வடிகட்டுங்கள்.

தூக்கத்தின் தேதி எழுந்த நாளின் தேதி. 14ஆம் தேதி இரவு 11:12க்குப் படுத்து 15 காலை எழுந்தால் பதிவு 15இல் இருக்கும், தொடக்க நேரம் மட்டும் 14 என்று காட்டும். கர்சராகத் தொடக்க நேரத்தை வைத்தால் நள்ளிரவுக்கு முன் படுப்பவர்களும் பின் படுப்பவர்களும் வெவ்வேறு நாளில் விழுவார்கள். தூக்கத் தேதியையே கர்சராக வையுங்கள்.

ஆழ்தூக்கம், லேசானது, ரெம், விழிப்பு என்ற நான்கு நிலையும் எல்லா இரவுக்கும் வராது. 3 மணி நேரத்துக்குக் குறைவான தூக்கத்துக்குப் பழைய பாணி 'கிளாசிக்' வகைதான் வரும், அதில் தூக்கம், புரளல், விழிப்பு என்று மூன்றே. வகை ஃபீல்டைப் பார்க்காமல் ரெம் சராசரி எடுத்தால் அந்த நாட்கள் 0 ஆகச் சேர்ந்து சராசரியை இழுத்துவிடும். 3 நிமிடமும் அதற்குக் குறைவுமான விழிப்புகள் தனிப் பட்டியலில் இருக்கும், முதன்மைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

போன் ஆப்பில் பயனர் ஒரு தூக்கப் பதிவை அழித்தால் ஏபிஐ அதை இனி கொடுக்காது, ஆனால் உங்கள் டேபிளில் அது அப்படியே இருக்கும். இதற்கு ஏர்பைட்டில் நேரடி வழி இல்லை. மாதம் ஒருமுறை தூக்க ஸ்ட்ரீமை மட்டும் ரிஃப்ரெஷ் (பழையதை நீக்கிவிட்டு முழுக்கப் புதிதாக இழுப்பது) செய்வதே போதும், 100 நாளுக்கு ஒரு ரிக்வெஸ்ட் என்பதால் செலவு ஒன்றுமில்லை.

---

ஈரோடு_எலி

கொஞ்சம் மாற்றுக் கருத்து. ஆறு பேருக்கு ஏர்பைட்டில் ஆறு சோர்ஸ், ஆறு கனெக்ஷன். டோக்கன் சோர்ஸின் கான்ஃபிக்கில் எழுதப்படுவதால் ஒரே சோர்ஸில் ஆறு பேரை வைக்க முடியாது. இதுவரை சரி. முப்பது பேர் ஆனால் டோக்கனை ஏர்பைட்டுக்குள் வைப்பதே தப்பு. போஸ்ட்கிரெஸில் ஒரு டோக்கன் டேபிள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளும் நூறு வரிப் பைத்தான் என்று பிரித்துவிடுங்கள். பயனரின் வரியை லாக் (lock, வேறு யாரும் தொடாதபடி பூட்டுவது) செய்து படித்து, ரெஃப்ரெஷ் செய்து, இரண்டு புது டோக்கனையும் எழுதி, பிறகே கமிட் (நிரந்தரமாகச் சேமிப்பது). ஃபிட்பிட் பதில் கொடுத்து, கமிட்டுக்கு முன் புரோகிராம் செத்தால்? பழைய டோக்கனை 2 நிமிடத்துக்குள் மறுபடி கொடுத்தால் அதே பதிலைத் திரும்பத் தருவார்கள். ஆகவே ரீட்ரையை உடனே வையுங்கள், ஐந்து நிமிடம் கழித்து என்று வைக்காதீர்கள்.

ஆள் கூடும்போது மணிக்கொருமுறை கேட்பதை விட்டு சப்ஸ்கிரிப்ஷனுக்கு மாறலாம். யாருக்காவது புதுத் தரவு வந்தால் ஃபிட்பிட் உங்கள் முகவரிக்குத் தட்டும். அதில் தரவு இருக்காது, யார், எந்தத் தேதி, எந்த வகை என்பது மட்டும். முகவரியைப் பதியும்போது சோதிப்பார்கள்: சரியான கோடுக்கு 204, தப்பான கோடுக்கு 404 சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் 204 சொன்னால் தேறாது. பிறகு வரும் ஒவ்வொரு தட்டலுக்கும் 5 விநாடிக்குள் 204. அதற்குள்ளேயே தரவை இழுக்கப் போகாமல் வரிசையில் போட்டுவிட்டு உடனே பதில் சொல்லுங்கள். தட்டியது ஃபிட்பிட்தானா என்று கையெழுத்தைச் சரிபார்க்க ஹெச்மாக் ஷா1 முறை. சாவி கிளையன்ட் சீக்ரெட் மட்டும் இல்லை, அதன் பின்னால் ஒரு & சேர்க்க வேண்டும். பாதிப் பேர் மாட்டிக்கொள்வது அந்த ஒரு எழுத்தில்தான்.

எல்லாவற்றுக்கும் மேல், இந்த வெப் ஏபிஐயை 2026இல் மூடப்போவதாக கூகுள் அறிவித்திருக்கிறது. அடுத்தது கூகுள் ஹெல்த் ஏபிஐ, அனுமதியும் கூகுள் ஓஆத் வழியாகப் புதிதாக வாங்க வேண்டும். மேலே சொன்ன ஃபீல்டு பெயர்களை டேஷ்போர்டு வரை அப்படியே ஓடவிடாதீர்கள். நடுவில் உங்கள் சொந்தப் பெயரில் ஒரு டேபிள்: பயனர், நிமிடம், அளவு, மதிப்பு, எங்கிருந்து வந்தது. சோர்ஸ் மாறினாலும் டேஷ்போர்டு மாறாது.

யாராவது குழுவை விட்டுப் போய்த் தன் தரவை அழிக்கச் சொன்னால் இறுதி டேபிளில் மட்டும் அழித்தால் போதாது. ஏர்பைட் தன் மூலப் பிரதியை 'ஏர்பைட் இன்டர்னல்' ஸ்கீமாவில் வைத்திருக்கலாம், அங்கேயும் பாருங்கள். டோக்கனையும் ரிவோக் (ரத்து) செய்யுங்கள்.

---

தரவுக்குழாய்

தூக்கம் சரியாகிவிட்டது, கீதான் காரணம். கடைசியாக ஒன்று. ஆறு பேரில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வந்து போவார். மற்றவர்களுக்கும்கூட கிராஃபில் காலை 6 மணி ஓட்டம் 11:30 என்று தெரிகிறது.

---

பட்டை_கட்டி

அந்த அஞ்சரை மணி நேரம் உங்க டேபிள்ல இருந்து வருது. ஃபிட்பிட் குடுக்குற நேரம் எல்லாம் ஆளோட உள்ளூர் நேரம், பின்னாடி மண்டலம் எதுவும் ஒட்டாம. அதை டைம்சோனோட இருக்கிற காலத்துல (column) போட்டீங்க, சர்வர் யூடிசில (உலகப் பொது நேரம்) ஓடுது, அது 6:00 யூடிசின்னு எடுத்துக்கிச்சு, கிராஃப் இந்திய நேரத்துக்கு மாத்தி 11:30 காட்டுது. டைம்சோன் இல்லாத டைம்ஸ்டாம்ப் காலமா மாத்துங்க.

பக்கத்துலயே இன்னொரு காலம் வெச்சு, புரொஃபைல்ல வர்ற ஆஃப்செட்டைப் (யூடிசிக்கும் உள்ளூர் நேரத்துக்கும் வித்தியாசம்) போடுங்க. மில்லிசெகண்டுல வரும்: இந்தியாவுக்கு 19800000, சிங்கப்பூருக்கு 28800000. அது இன்னிக்கு இருக்கிற ஆஃப்செட்தான், போன மாசத்துது இல்ல. அதனால ஒவ்வொரு ஓட்டத்துலயும் எடுத்து, அன்னிக்கு முதல் தடவையா வர்ற வரிகளோட மட்டும் சேமிங்க. லுக்பேக்ல திரும்ப வர்ற பழைய நாளுக்குப் புது ஆஃப்செட் மேல எழுதிடக் கூடாது, அதுக்கு ஆஃப்செட்டை நாள்வாரி தனி டேபிள்ல வைக்கிறது சுத்தம். அவர் விமானத்துல வந்து இறங்குற நாள்ல ரெண்டரை மணி நேரம் ரெண்டு தடவை வரும், அதே கீயில மோதும். அந்த ஒரு நாளைக் கணக்குல சேர்க்காம விட்டுடுங்க.